கயிற்றின் மறுமுனை

ஒரு நாவலாசிரியனுக்கு வரக்கூடிய விமரிசனங்களில் மிகவும் கஷ்டமானது பதினைந்து வயதுக் குழந்தை கேட்கிற ஒற்றைக் கேள்விதான். பெரிய விமரிசகர்கள் பத்துப் பக்கம் எழுதுவார்கள். பதிலுக்கு நாமும் பத்துப் பக்கம் எழுதிவிடலாம். குழந்தை கேட்ட கேள்விக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை.

என் தங்கையின் பேத்தி திருச்செந்தூரில் படிக்கிறாள். இளம் வாசகர்களுக்காக நான் எழுதத் தொடங்கியிருந்த ஒரு நாவலின் முதல் ஐம்பது பக்கங்களை அவளிடம் கொடுத்திருந்தேன். வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்ட ஒரு பையனின் கதை. இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்தாள். அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. "தாத்தா, இந்தப் பையன் ஏன் மொதப் பக்கத்துலயே செல்போனைத் தண்ணில போடுதான்?" என்று மட்டும் கேட்டாள்.

"கை தவறி விழுந்துவிட்டதம்மா" என்றேன்.

"அவன் கை தவறல. நீங்கதான் தூக்கிப் போட்டுட்டீங்க" என்றாள்.

அவள் சொன்னது நிஜம். நான்தான் தூக்கிப் போட்டேன். போன் கையில் இருந்தால் பையன் யாரையாவது கூப்பிடுவான். கூப்பிட்டால் யாராவது வருவார்கள். வந்தால் கதை நின்றுபோகும். போன் போனால்தான் பையன் தன் காலில் நிற்பான், பக்குவம் அடைவான் என்பது என் எண்ணம். எங்கிருந்து இந்த எண்ணம் எனக்கு வந்தது என்று யோசித்துப் பார்த்ததில், நான் படித்த புஸ்தகங்களிலிருந்துதான் வந்தது என்று தெரிந்தது. அந்தப் புஸ்தகங்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

பேரழிவில் சிக்கிய சிறுவர் சிறுமியரைப் பற்றிய நாவல்கள் மேல்நாட்டில் இப்போது ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. அவற்றின் சூத்திரம் சுலபமானது. முதலில் ஆபத்து வரும். அடுத்து மின்சாரம், மோட்டார், டெலிபோன் என்று நாம் நம்பியிருக்கும் சாதனங்கள் ஒவ்வொன்றாக அணையும். கடைசியில் குழந்தை பெரிய மனிதனாகும். சாதனம் போகப் போக மனிதன் வளர்கிறான் என்பது இதற்குள் ஒளிந்திருக்கும் நீதி.

இதற்கு மூதாதை என்று 1719-இல் வெளிவந்த டீபோவின் 'ராபின்சன் குருஸோ'வைச் சொல்வார்கள். ஆனால் குருஸோ வெறுங்கையோடு தீவில் பிழைத்தவன் அல்ல. உடைந்த கப்பலுக்குத் திரும்பத் திரும்பப் போய் ரம்பம், கோடாலி, துப்பாக்கி, வெடிமருந்து எல்லாவற்றையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறான். ஒரு தேசத்தின் பட்டறையே அவனோடு தீவில் இறங்கிவிடுகிறது. அதைத் தனி மனிதனின் வெற்றி என்று மூன்று நூற்றாண்டுகளாகப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்!

ழூல் வெர்ன் இந்த விஷயத்தில் நேர்மையானவர். 1870-களில் அவர் எழுதிய 'மர்மத் தீவு' நாவலில், பலூனிலிருந்து விழுந்தவர்களிடம் அநேகமாக ஒன்றுமே இல்லை. இரண்டு கைக்கடிகாரங்களின் கண்ணாடிகளைச் சேர்த்து நடுவே தண்ணீர் வைத்து, வெயிலைக் குவித்துத் தீ மூட்டுகிறார் இஞ்சினீயர். கூட இருக்கும் பதினைந்து வயதுப் பையன் ஹெர்பர்ட், செடி கொடிகளைப் பற்றிப் படித்த படிப்பால் எல்லோருக்கும் உதவுகிறான். அறிவு இருந்தால் சாதனம் தானே பிறக்கும் என்பது வெர்னின் நம்பிக்கை. ஆனாலும், அவர்களுடைய நெருக்கடிகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கை உதவிக்கொண்டே இருக்கிறது. அது கேப்டன் நெமோவின் கை என்று பிறகு தெரிய வருகிறது. முழுக்க முழுக்கத் தனியாக யாரும் பிழைப்பதில்லை என்பது வெர்னுக்கும் தெரிந்திருக்கிறது.

1954-இல் வந்த வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆப் தி ஃப்ளைஸ்' இந்த நம்பிக்கைக்கெல்லாம் எதிர்ப்பாட்டு. தீவில் ஒதுங்கிய பள்ளிப் பையன்களிடம் இருக்கும் ஒரே நாகரிகச் சாதனம் பிக்கி என்ற குண்டுப் பையனின் மூக்குக் கண்ணாடி. அதை வைத்துத்தான் தீ மூட்டுகிறார்கள். கிட்டப் பார்வைக்காரனின் கண்ணாடி வெயிலைக் குவிக்காது என்று பௌதிகம் படித்தவர்கள் குற்றம் சொல்வதுண்டு. போகட்டும். கோல்டிங் கண்ட உண்மை பௌதிகத்தைவிடப் பெரியது. பார்வை இல்லாதவனுக்காகச் செய்த கண்ணாடியைப் பார்வை உள்ளவர்கள் ராத்திரியில் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். கேடு கண்ணாடியில் இல்லை; அது யாருடையது, யாருக்காக என்பதை மறந்ததில் இருக்கிறது.

அமெரிக்க ஆசிரியர் கேரி பால்சன் 1987-இல் எழுதிய 'ஹாட்செட்' என்ற சிறு நாவல் இந்த வகையில் மிகவும் பெயர் பெற்றது. பதின்மூன்று வயது பிரையன் தகப்பனாரைப் பார்க்கச் சின்ன விமானத்தில் போகிறான். வழியில் விமானிக்கு மாரடைப்பு. விமானம் கனடாவின் காட்டு ஏரியில் விழுகிறது. பையனிடம் தாயார் கொடுத்த கைக்கோடாலி ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பாறையில் அடித்துப் பொறி எழுப்பி நெருப்பு உண்டாக்குகிறான். ஐம்பத்து நான்கு நாள் பிழைத்துக் கிடக்கிறான்.

இந்தப் புஸ்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் கடைசிப் பகுதியில் வருகிறது. விமானத்தின் வால் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. பிரையன் நீந்திப் போய் உள்ளேயிருக்கும் ஆபத்துக் காலப் பையை எடுத்து வருகிறான். அதில் துப்பாக்கி இருக்கிறது, தீ மூட்டும் லைட்டர் இருக்கிறது. துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் அவனுக்கு மகிழ்ச்சி வரவில்லை. காட்டுக்கும் தனக்கும் நடுவே ஏதோ ஒரு சுவர் எழும்பினாற்போல் இருக்கிறது. லைட்டரைப் பார்த்தும் அதே சங்கடம்தான். சாதனம் நம்மைக் காப்பாற்றும்போதே நம்மிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது என்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்னவர்கள் குறைவு.

ஆனால் அடுத்த சில பக்கங்களில் அவனைக் காப்பாற்றுவது எது? அதே பையில் இருந்த ஒரு ரேடியோக் கருவி. கெட்டுப்போன கருவி என்று நினைத்து அதன் விசையைத் தட்டிவிட்டுப் போகிறான். அதன் ஒலியைக் கேட்டு ஒரு விமானம் வந்து இறங்குகிறது. ஐம்பத்து நான்கு நாள் வளர்த்த பக்குவம் அவனைக் காட்டில் உயிரோடு வைத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தது கருவியும், அதைக் கேட்க அங்கே ஒரு காது இருந்ததும்தான். ஆசிரியர் இதை ஒளிக்கவில்லை. ஆனால் இந்த நாவலைப் போற்றுகிறவர்களில் பலர் கோடாலியை நினைவு வைத்துக்கொள்கிறார்கள், ரேடியோவை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்தவன்தான். அதனால்தான் என் பையனின் போன் தண்ணீரில் விழுந்தது.

சூசன் பெத் பெஃபர் 2006-இல் எழுதிய 'லைஃப் ஆஸ் வி நியூ இட்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. விண்கல் மோதிச் சந்திரன் பூமிக்கு அருகே வந்துவிடுகிறது. கடல் பொங்குகிறது, மின்சாரம் நிற்கிறது, குளிர் வருகிறது. பதினாறு வயது மிராண்டா நாட்குறிப்பு எழுதுகிறாள். இங்கே பக்குவம் என்பது முயல் பிடிப்பதோ தீ மூட்டுவதோ அல்ல. தன் பங்குச் சாப்பாட்டைத் தானே குறைத்துக்கொள்வது. இதைப் படித்தபோது, பஞ்ச காலத்துக் கதைகளை நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட ஞாபகம் எனக்கு வந்தது. ஆனாலும் ஒரு குறை. பக்கத்துக்குப் பக்கம் அந்தக் குடும்பத்தின் உலகம் சுருங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் ஓர் அறையும் ஓர் அடுப்பும்தான் மிச்சம். ஆபத்து வந்தால் கதவைச் சாத்திக்கொள் என்பது ஒரு புத்திமதிதான். எங்கள் கரையின் புத்திமதி அது அல்ல.

எங்கள் கரை என்று ஏன் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர், மணப்பாடு வரைக்கும் உள்ள கடல் முத்துக்குப் பேர் போனது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காலத்து முத்துக் குளிப்பில் குளிகாரனுக்கு இருந்த சாதனங்கள் எவை? காலில் மாட்டிக்கொள்ள ஒரு கல், கழுத்தில் ஒரு வலைப் பை, இடுப்பில் ஒரு கயிறு. கல் அவனைக் கீழே கொண்டுபோகும். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் இருப்பவன் இழுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றைப் பிடிக்கிறவன் மனைவியின் சகோதரனாக இருப்பான், தன் தங்கையின் தாலி அவன் கையில் இருப்பதால் அசிரத்தையாக இருக்க மாட்டான் என்று இந்தக் கரையில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

குளிகாரன் கயிற்றை நம்பியிருந்தானா, மைத்துனனை நம்பியிருந்தானா? இரண்டும் ஒன்றுதான். சாதனம் என்று நாம் சொல்வது எப்போதும் ஒரு கயிறு. அதன் மறுமுனையில் யாரோ ஒருவர் இருக்கிறார். கயிற்றை அறுத்துவிட்டுத் தனியாக நீந்தி வருகிறவன் வீரனாக இருக்கலாம். பக்குவம் உள்ளவன் என்று கரையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கயிற்றை எப்போது அசைப்பது என்று தெரிந்தவனும், அசைந்ததும் இழுக்கத் தெரிந்தவனும்தான் பக்குவம் உள்ளவர்கள். மேல்நாட்டு நாவல்கள் முதல் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கின்றன. இரண்டாவது ஆளைப் பற்றி அநேகமாகச் சொல்வதே இல்லை.

நம்முடைய நாவல்களில் இது எப்படி இருக்கிறது? கல்கிக்குப் பேரழிவு என்றால் பிரியம். 'அலை ஓசை'யின் நான்கு பாகங்களுக்கும் பூகம்பம், புயல், எரிமலை, பிரளயம் என்றுதான் பெயர் வைத்தார். ஆனால் அவை பெரும்பாலும் மனத்துக்கும் தேசத்துக்கும் உவமைகள். 'பொன்னியின் செல்வ'னில் நடுக்கடலில் கப்பல் தீப்பற்றி, வந்தியத்தேவனும் இளவரசனும் அலைமேல் தத்தளிக்கும்போது படகோட்டி வந்து காப்பாற்றுகிறவள் பூங்குழலி. அலையையும் காற்றையும் துடுப்பையும் தெரிந்த இளம் பெண். தமிழில் நம் குழந்தைகளுக்குக் கிடைத்த நல்ல ஆபத்துக் காலப் பாத்திரம் அவள்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கல்கி அவளுடைய கடல் அறிவைவிட அவளுடைய காதலைப் பற்றித்தான் அதிகம் எழுதினார்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977-இல் வந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாடுதான் களம். புயலும் இல்லை, பிரளயமும் இல்லை. அந்த ஊருக்கு வந்த ஆபத்தின் பெயர் லாஞ்சி. வல்லத்தில் போய் மீன் பிடித்தவர்களுக்கும் இயந்திரப் படகுக்காரர்களுக்கும் பகை மூள்கிறது. குரூஸ் மிக்கேல் தன் வல்லத்தை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு வரச் சொல்கிறான் மகன் செபஸ்தி. இதற்கெல்லாம் நடுவில் மகள் பிலோமி காதலித்து, ஏமாந்து, தாயை இழந்து, யாரையும் வெறுக்காத ஒரு பெண்ணாக வளர்ந்துவிடுகிறாள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேல்நாட்டு நாவல்களில் சாதனம் போகும்போது குழந்தை வளர்கிறது. வண்ணநிலவனிடம் சாதனம் வரும்போது வளர்கிறது. நம்முடைய அனுபவத்துக்கு இதுதான் கிட்டத்தில் இருக்கிறது. மின்சாரம் போனதை மட்டுமல்ல, வந்ததையும் ஓர் அதிர்ச்சியாக அறிந்த தலைமுறைகள் நம் வீடுகளில் இருந்தன. இதை விட்டுவிட்டு, போவதை மட்டும் எழுதினால் அது இரவல் கதை.

உவரியில் பிறந்த ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' 2004-இல் வந்தது. கடலில் அகப்பட்டுக்கொண்ட மூன்று பேர்: கிழவர் கோத்ரா, நடு வயதைத் தாண்டிய சூசை, வாலிபன் சிலுவை. முடிவைச் சொல்லிப் புதிய வாசகரின் சுவாரஸ்யத்தைக் கெடுக்க மாட்டேன். மூன்று தலைமுறை ஒரே தண்ணீரில் மிதக்கும்போது யார் யாருக்குக் கயிறு என்ற கேள்வி எழுகிறது. அதை இவ்வளவு தீவிரமாகக் கேட்ட இன்னொரு தமிழ் நாவலை நான் படித்ததில்லை. ஆனால் இவை இரண்டும் பெரியவர்களுக்கு எழுதப்பட்டவை. பதினைந்து வயதுக்காரிக்கு என்று நாம் எழுதியது என்ன?

இதைப் பொழுதுபோக்கு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி இந்தோனேஷியாவின் சிமலூ தீவில் பூமி அதிர்ந்தவுடன் ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். 1907-இல் வந்த பேரலையைப் பற்றி 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில் கதையாகவும் பாட்டாகவும் அவர்கள் குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்ந்த அந்தத் தீவில் அலையில் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரையில் பத்து வயது இங்கிலீஷ் சிறுமி ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் பூகோள பாடத்தில் கேட்டதை நினைத்துக்கொண்டு தாய் தகப்பனைக் கூவி அழைத்துப் பலரைக் கரையேற்றினாள். நம் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் பலி. அன்றைக்கு இந்துமகா சமுத்திரத்தில் எச்சரிக்கைக் கருவி இல்லை என்பது வாஸ்தவம். ஹைதராபாதில் அந்த நிலையம் 2007-இல்தான் வந்தது. ஆனால் நம்மிடம் ஒரு சொல் இருந்தது: கடல்கோள். கபாடபுரத்தைக் கடல் கொண்ட கதையைப் பழைய உரைகாரர் எழுதியிருக்கிறார். அந்தப் பழம்பெருமையைப் பேசாத மேடை உண்டா? மேடையில் பேசினோமே தவிர, கடல் உள்வாங்கினால் ஓடு என்ற ஒரு வாக்கியமாக அதைக் குழந்தையின் காதில் போட்டோமா? அது யாருடைய வேலை? கதை சொல்கிறவனுடைய வேலை. நாங்கள் செய்யவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளுக்கு வருகிறேன். அன்று நான் திருச்செந்தூரில் தங்கை வீட்டில் இருந்தேன். பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூரில் 69. ஒரு வருஷ மழை ஒரு நாளில் கொட்டியது. தாமிரபரணி ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பிரயாணிகள் இரண்டு நாளைக்கு மேல் நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள்.

இதை என் பழைய சூத்திரப்படி எழுதினால் என்ன ஆகும்? ஒரு பையன் ரயிலிலிருந்து குதித்து, வெள்ளத்தில் நீந்தி, தனியாக உதவி கொண்டுவருவான். நடந்தது வேறு. ஆபத்து தெரிந்ததும் வண்டியை மேலே போக விடாமல் ரயில்வேக்காரர்கள் நிறுத்தினார்கள். அதனால் எண்ணூறு பேர் பிழைத்தார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் ஊரும் தண்ணீரில் நிற்கையில் பிரயாணிகளுக்குச் சோறு சமைத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டர் வந்தது. சிக்னல், ரேடியோ, அண்டாச் சோறு, ஹெலிகாப்டர் எல்லாம் ஒரே கயிற்றின் புரிகள். எந்தப் புரி பழசு, எந்தப் புரி புதுசு என்று பிரித்துப் பார்க்க அன்று யாருக்கும் நேரமில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் இந்தக் கயிறு இல்லை. புயலில் கம்பிகள் அறுந்து, முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போன ரயிலை அலை கொண்டுபோனது. அதிலிருந்தவர்கள் நூற்றுக்கு மேல். சாதனம் இல்லாமற்போவதில் பக்குவம் இருக்கிறது என்று எழுதுகிறவன் அந்த ரயிலையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போயிற்று, டவரும் போயிற்று. என் போனில் இருந்த சார்ஜை, வருமோ வராதோ என்று மணிக்கொருதரம் திறந்து பார்த்தே நான் தீர்த்துவிட்டேன். பேத்தி தன்னுடையதை அணைத்து அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டாள். மறுநாள் தெருவில் வீடு வீடாக ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு போனாள். ஒவ்வொரு வீட்டிலும், வெளியூரில் யார் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டுப் பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் மொட்டை மாடியில் ஒரு ஐந்து நிமிஷம் சிக்னல் கிடைத்தது. சென்னையிலுள்ள தன் மாமாவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்: இந்தப் பதினான்கு வீட்டிலும் எல்லோரும் சௌக்கியம், இந்த நம்பர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள், நான்காவது வீட்டு ஆச்சிக்கு இன்சுலின் வேண்டும். அத்தோடு போன் அணைந்துவிட்டது. இன்சுலின் சாயங்காலம் டிராக்டரில் வந்தது.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பி, போனைத் தண்ணீரில் போட்ட பையனைப் பற்றி நான் ஐம்பது பக்கம் எழுதினேன். கண்ணெதிரே நடந்ததைவிடப் படித்த புஸ்தகம் ஒரு எழுத்தாளனுக்கு எவ்வளவு பலமாகத் தோன்றுகிறது பாருங்கள். அவள் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, அவளிடம் இல்லாத கோபம் எனக்கு என்மேலேயே வந்தது.

ஐம்பது பக்கத்தையும் கிழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். போன் இப்போது பையனின் சட்டைப் பையில் இருக்கிறது. நான்கு சதவீதம் சார்ஜ் மிச்சம். அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறான் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முதல் தடவை எழுதியபோது, எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது.